நடைபாதை வியாபாரிக்கு வண்டி மட்டும் போதாது: சென்னை மாநகராட்சிக்கும் நகர விற்பனைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், சாலையோர வியாபாரம் பற்றி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சாலையோர வியாபாரிகளுக்கு அடையாள அட்டை, வங்கிக் கடன், தள்ளுவண்டி, கியூஆர் அட்டை எல்லாம் கிடைக்கத் தொடங்கியிருப்பதை வரவேற்கிறேன். இவை அனைத்தும் சேர்ந்தும் தொடாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பற்றியதே இந்த மடல். சீப்பு, கைக்குட்டை, நைட்டி, பிளாஸ்டிக் குடம், குழந்தைப் பொம்மை, கைபேசி உறை போன்ற அன்றாடப் பொருள்களை விற்கும் தரைக்கடைக்காரருக்கு விற்கத் தெரியும். அதை அவருக்குக் கற்றுக்கொடுக்கும் தகுதி உங்களுக்கோ எனக்கோ கிடையாது. அவர் நட்டப்படுவது சரக்கை வாங்கும் இடத்திலும், வாங்கியதை இரவில் வைத்துக் காக்கும் இடத்திலும்தான். பாரிமுனைப் பக்கம் மொத்த வியாபாரக் கடையில் பல ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்ற முறையில், கல்லாவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்தே பேசுகிறேன். காய்கறி, பூ, உணவு விற்பவர்களின் சிக்கல்கள் வேறு வகையானவை என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னையின் நடைபாதைச் சரக்கில் பெரும்பகுதி ஒரு சில தெருக்களிலிருந்தே கிளம்புகிறது. துணிக்குக் கோடவுன் தெரு, கிளிப், வளையல், பொம்மை முதலிய பேன்சி சாமான்களுக்குக் காசிச் செட்டித் தெருவும் நாராயண முதலித் தெருவும், கைபேசி உதிரிகளுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு என்று இந்த வரைபடம் வியாபாரிகளுக்கு மனப்பாடம். அங்கே ஒரே பொருளுக்கு மூன்று விலை உண்டு. டஜன் கணக்கில் எடுப்பவருக்கு ஒன்று, பண்டலாக எடுப்பவருக்கு ஒன்று, பெட்டியை உடைக்காமல் எடுப்பவருக்கு ஒன்று. தரைக்கடைக்காரர் ஏறத்தாழ எப்போதும் முதல் விலையில்தான் வாங்குகிறார். பேரம் பேசத் தெரியாததால் அப்படி நேர்வதில்லை. கையிலிருக்கும் சொற்பப் பணத்தில் நாலைந்து வகையாவது எடுத்தாக வேண்டும், ஏனெனில் ஒரே பொருளை விரித்துப் போட்ட கடையில் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அதே சீப்பைப் பெட்டிக் கணக்கில் எடுத்துக் கண்ணாடி அலமாரியில் மாட்டும் பெரிய அங்காடியைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கி, அந்த அங்காடியைவிடக் குறைத்து விற்க வேண்டிய நிலையில் அவர் ஒவ்வொரு நாளும் கடை விரிக்கிறார்.

பெயர்பெற்ற நிறுவனங்களின் சோப்பு, ஷாம்பு, பற்பசை விஷயத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. ஷாம்பைச் சிறு பாக்கெட்டில் அடைத்து எளியவரும் வாங்கும் பொருளாக மாற்றியதில் கடலூர் சின்னிகிருஷ்ணனுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் குடும்பத்திலிருந்து வந்த 'வெல்வெட்', பின்னர் 'சிக்' எனத் தமிழ்நாட்டில் வேரூன்றிய அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. வாங்குபவரின் பணப்பைக்கு ஏற்பப் பொருளைச் சுருக்கத் தெரிந்த அந்தத் துறை, விற்பவரின் பணப்பைக்கு ஏற்ப விநியோகத்தைச் சுருக்கவே இல்லை. விநியோகஸ்தரின் வண்டி மளிகைக் கடைக்கும் பெட்டிக்கடைக்கும் முறை தவறாமல் வருகிறது, சலுகைத் திட்டம் இருந்தால் சொல்கிறது, விற்காத சரக்கைச் சில நேரம் மாற்றியும் தருகிறது. தள்ளுவண்டிக்கு முகவரி இல்லை என்பதால் அதன் பட்டியலில் இடமும் இல்லை. ஆனால் மாநகராட்சி கொடுக்கும் விற்பனைச் சான்றிதழில் பெயரும் எண்ணும் இருக்கின்றன. அதை ஒரு வாடிக்கையாளர் முகவரியாக ஏற்றுக்கொள்ளும்படி விநியோகஸ்தர்களின் சங்கங்களோடு நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும், இதற்காக யாரும் மானியம் ஒதுக்க வேண்டியதில்லை.

பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கலாமே என்பது உடனே தோன்றும் யோசனை. தன்னார்வ அமைப்புகளின் பயிற்சி வகுப்புகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள். பாதிச் சரக்குக்கு இது பொருந்தாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். நைட்டியும் காதணியும் கிளிப்பும் விற்கும் பெண்ணுக்கு, எந்த நிறம் போகும், எந்தக் கல் வைத்த கம்மலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று பொறுக்கி எடுக்கும் கண்தான் முதல். தான் எந்தக் கடையில் எடுக்கிறோம் என்பதைக்கூடப் பக்கத்துக் கடைக்காரரிடம் அவர் சொல்ல மாட்டார். அவரைக் கூட்டுக் கொள்முதலில் சேர்ப்பது அவர் கைத்திறனைப் பறிப்பதாகும். கைக்குட்டை, சாக்ஸ், துண்டு, ஊக்கு, கொசுவலை, டார்ச் லைட், சார்ஜர் கம்பி போன்ற மாறாத சரக்குக்கோ கூட்டுக் கொள்முதல் நன்றாகவே பொருந்தும். இந்த வகைக்கு மட்டும் ஒரு பொதுச் சரக்கறையைக் கூட்டுறவு முறையில் நடத்தி, பெட்டி விலையில் எடுத்து டஜன் கணக்கில் கொடுத்தால், இடையில் இருக்கும் விலை வித்தியாசம் வியாபாரிக்கே போய்ச் சேரும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தயாரிக்கும் பொருள்களுக்கும் இதே சரக்கறையில் ஒரு மூலை கொடுக்கலாம். கண்காட்சி நாள்களில் மட்டும் விற்கும் அவை ஆண்டு முழுவதும் தெருவுக்கு வரும்.

விற்காமல் தங்கும் சரக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிரந்தரக் கடைக்காரர் நைந்துபோகாத சரக்கை மொத்தக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு எடுக்கலாம். கணக்கில் வரவு வைத்துக்கொள்வோம். ரொக்கம் கொடுத்து மூன்று டஜன் எடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது, அவர் பெயரில் எங்களிடம் கணக்கே இருக்காது. போன பொங்கலுக்குப் போகாத நிறம் அடுத்த பொங்கலுக்கும் போகாது. இந்த நட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் தெரு வியாபாரியின் லாப விகிதத்தைப் பேசும் எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை.

அடுத்தது பணம். சென்னையில் சரக்கு எடுக்கும் பணத்தில் பெரும்பங்கு தண்டலில், அதாவது தனியாரிடம் வாங்கும் குறுகிய காலக் கடனில், வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பது ஒரு வகை. காலையில் 900 கொடுத்து மாலையில் 1,000 வாங்குவது ரன் வட்டி. முதல் வகையில் வட்டி 1,500 ரூபாய்தானே என்று பார்க்கக் கூடாது. அசல் நாள்தோறும் கரைவதால், நூறு நாளில் சராசரியாகக் கையில் இருக்கும் பணம் ஏறத்தாழப் பாதிதான், அப்படிக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். இரண்டாவது வகையில் ஒரே நாளுக்கு 11 சதவீதம். 900 ரூபாய்ச் சரக்கை 1,300க்கு விற்றுவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும், கிடைத்த 400 ரூபாயில் வட்டி 100 போக, ஷேர் ஆட்டோ, இரவு விளக்குக்கான பேட்டரி வாடகை, கடை வாசலில் இடம் விட்டதற்கான கூலி, பெயர் சொல்லி எழுத முடியாத வேறு சில கைகளுக்குப் போகும் மாமூல் எல்லாம் கழிந்தால் வீட்டுக்குப் போவது என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் கந்து வட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. ஆனாலும் தண்டல்காரர் விடியற்காலையில், சரக்கு எடுக்கப் புறப்படும் நேரத்தில், கையில் பணத்தோடு வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் எந்த வங்கியும் திறந்திருப்பதில்லை.

சாலையோர வியாபாரிகளுக்குக் கடன் தரும் பிரதமர் ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் வந்தபோது முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000, வட்டியில் 7 சதவீத மானியம். 2025இல் முதல் இரண்டு படிகளை 15,000, 25,000 என்று உயர்த்தி, 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். நல்ல திட்டம்தான், அடமானம் கேட்காத கடன் இந்த மக்களுக்கு இதற்கு முன் எளிதில் கிடைத்ததில்லை. ஆனால் கடன் ஒரே தொகையாக வந்து மாதத் தவணையாகத் திரும்புகிறது. சரக்குப் பணமோ நாள்தோறும் வெளியே போய் நாள்தோறும் உள்ளே வருவது. ஒரே நாளில் கைக்கு வந்த 15,000 ரூபாய் பிள்ளையின் கட்டணத்துக்கோ பழைய தண்டலை அடைக்கவோ போய்விட்டால், அடுத்த வாரம் சரக்கெடுக்க மறுபடியும் தண்டல்காரரிடம்தான் போக வேண்டும். அதைக் கண்டு வியாபாரிக்குப் பொறுப்பில்லை என்பவர்கள், மாதச் சம்பளக்காரர்களும் சேமநல நிதியைக் கல்யாணத்துக்கு எடுப்பவர்களே என்பதை மறந்துவிடுகிறார்கள். தேவையான அளவு எடுத்து, விற்றதும் திருப்பிக் கட்டும் வரம்புக் கடன்தான் இந்தத் தொழிலுக்கு ஏற்றது. புதிய திட்டத்தில் அதற்கு நெருக்கமாக வருவது ரூபே கடன் அட்டை. அதுவும் இரண்டாவது கடனைக் கட்டி முடித்தவர்களுக்கே. தண்டலில் ஆழமாகச் சிக்கியவருக்கு அந்த அட்டை கடைசியில்தான் கிடைக்கும்.

இதற்கு வெளியூரில் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கியபோது, அதன் முதல் வேலைகளில் ஒன்று தெருவில் விற்கும் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கச் செய்து, வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்ததுதான். பின்னர் அவர்களுக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கமே உருவானது. மாநகராட்சியும் கூட்டுறவுத் துறையும் சேர்ந்து அந்தப் பாதையில், சரக்கறை இருக்கும் இடத்திலேயே விடியற்காலையில் திறக்கும் ஒரு கடன் சாளரத்தை வைக்க முடியுமா என்று பாருங்கள். கடனை ரொக்கமாகவே கொடுக்க வேண்டுமென்பதில்லை. சரக்காகக் கொடுத்து, மாலையிலோ மறுநாளோ விற்ற பணத்தில் வரவு வைத்தால் வட்டியின் பெரும்பகுதியே தேவைப்படாது.

சட்டத்தைப் பற்றிய அறிவும் இந்தத் தொழிலுக்கு ஒரு கருவிதான் என்பதை யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைபேசி சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் வேண்டும். பொட்டலமிட்ட பொருளில் தயாரித்தவர் பெயர், அளவு, அதிகபட்சச் சில்லறை விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே தடை. இவற்றில் எதையும் மொத்தக் கடையில் யாரும் வியாபாரிக்குச் சொல்வதில்லை. பெரும்பாலும் பில்கூடக் கொடுப்பதில்லை. முத்திரையில்லாத பொம்மை எங்கோ தயாராகி, மூன்று கைகள் மாறி, கடைசியில் வெயிலில் துணி விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் வந்து சேரும்போது, சோதனைக்கு வருபவர் கண்ணில் படுவது அவர் ஒருவர்தான். பொம்மைகளுக்கு முத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈய வண்ணம் பூசிய பொம்மையைக் கடிக்கப்போவது அதே தெருவில் வளரும் குழந்தைதான். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதைப் படத்தோடு அச்சிட்ட ஒரு தாளாகக் கொடுங்கள், அடையாள அட்டை வழங்கும் அதே நாளில் கொடுங்கள்.

பில் விஷயத்தில் சட்டம் வியாபாரியின் பக்கமே இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்குத்தான், அதுவும் வாங்குபவர் கேட்காதபோது, பில் கொடுக்காமல் இருக்கலாம். மூன்று டஜன் சரக்கு அந்த எல்லையைத் தாண்டிவிடும். கையில் பில் இருந்தால் திருட்டுச் சரக்கு என்ற சந்தேகத்துக்கு இடமில்லை, பறிமுதல் செய்தாலும் எத்தனை உருப்படி என்ற வாக்குவாதம் இல்லை. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தின்படி, பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும், கெட்டுப்போகாத சரக்கை உரிமை கோரிய இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இந்த விதியைத் தெரிந்துவைத்திருக்கும் வியாபாரியைவிடத் தெரிந்துவைத்திருக்கும் களப்பணியாளர் குறைவு என்று தோன்றுகிறது. லாரியில் அள்ளிப் போட்ட நைட்டி மூட்டை திரும்பி வரும்போது பாதி இருந்தால் அது அதிர்ஷ்டம் என்றே தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பயிற்சியை உங்கள் ஊழியர்களிடமிருந்தே தொடங்கலாம்.

இனி, சரக்கைக் காப்பது. சென்னை வியாபாரிக்கு ஆண்டின் பெரிய விற்பனை தீபாவளி. அது வருவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். வடகிழக்குப் பருவமழை வருவதும் அப்போதுதான். ஆண்டிலேயே அதிகமாகக் கடன் வாங்கி, அதிகமாகச் சரக்கு ஏற்றிய நாள்களில், அந்தச் சரக்கு தார்ப்பாய் போர்த்திச் சங்கிலி கட்டி நடைபாதையிலேயே இரவைக் கழிக்கிறது. நனைந்த துணியைக் காயவைத்து விற்கலாம், சாயம் இறங்கியதைப் பாதி விலைக்குத் தள்ளலாம். அட்டைப்பெட்டி ஊறிய சார்ஜரை என்ன செய்வது? பக்கத்துக் கடைகளின் படிக்கட்டுக்கும் மாடிப்படி இடுக்குக்கும் மாத வாடகை கொடுத்து மூட்டை வைப்பவர்கள் ஏராளம். தினமும் காலையில் மூட்டையைப் பிரித்து, இரவில் கட்டி, சுமந்து கொண்டுபோய் வைப்பதில் போகும் நேரம் விற்பனை நேரத்திலிருந்துதான் குறைகிறது. கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்கும் வயதானவருக்கும் அது உடம்பால் முடியாத காரியமும்கூட. நெரிசலான சந்தை ஒவ்வொன்றுக்கும் நடந்துபோகும் தூரத்தில், மாநகராட்சிக்குச் சொந்தமான கட்டடங்களில் காலியாகக் கிடக்கும் அறை எதுவாயினும், எண்ணிட்ட பூட்டுப் பெட்டிகளோடு இரவுச் சரக்கறையாக மாற்றிக் கொடுத்தால் வாடகை கொடுக்க வியாபாரிகள் தயாராகவே இருப்பார்கள். இப்போது தனியாருக்குக் கொடுப்பதும் வாடகைதானே. என்னைக் கேட்டால், இந்த ஒரு ஏற்பாடு நூறு புதிய வண்டிகளைவிடப் பயன் தரும்.

வண்டி என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். மெரினாவில் உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் 900 வண்டிக்கடைகளைக் குலுக்கலில் ஒதுக்க ஏற்பாடு நடந்தது நினைவிருக்கும். கடற்கரையில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியின் வடிவத்தை ரங்கநாதன் தெருவுக்கோ வண்ணாரப்பேட்டைக்கோ அப்படியே கொண்டுவர முடியாது. பேன்சி சரக்கு கண்ணுக்கு எதிரே தொங்க வேண்டும், கீழே பூட்டும் இழுப்பறை வேண்டும், ஆம்புலன்ஸ் வந்தால் ஒரு நிமிடத்தில் மடக்கி ஒதுக்கக்கூடிய அகலம் வேண்டும், மழைக்கு இழுத்துவிடும் கூரை வேண்டும். துணி விற்பவர் பலருக்கு வண்டியே தேவையில்லை. வாடிக்கையாளர் குனிந்து புரட்டிப் பார்க்கும் தரை விரிப்பில்தான் துணி நகரும். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் மாதிரி வண்டி ஒன்றைச் சந்தையில் நிறுத்தி ஒரு மாதம் பயன்படுத்தச் சொல்லுங்கள். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு, அதில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்று சட்டம் வகுத்தது இப்படிப்பட்ட முடிவுகளை அவர்கள் எடுப்பதற்காகத்தான்.

இவ்வளவையும் செய்துவிட்டு இடத்தை மாற்றினால் எல்லாம் வீண். 1969இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்குக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி இடம் கொடுத்தார்கள். துறைமுகமும் மொத்தக் கடைகளும் ரயிலடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் பர்மா பஜார் தானே வளர்ந்தது. 2013இல் பாண்டி பஜார் நடைபாதைக் கடைகள் அடுக்குமாடி வளாகத்துக்குள் போயின. மேல்தளத்துக்கு ஆள் ஏறி வருவதில்லை என்ற முறையீடு அன்றிலிருந்தே இருக்கிறது. பத்து ரூபாய்க் கிளிப்பை வாங்குபவர் அதற்கென்று வீட்டிலிருந்து கிளம்பி வருவதில்லை, போகிற வழியில் கண்ணில் பட்டதால் வாங்குகிறார். இயல்பாக உருவான சந்தைகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் தனி இடம் கொடுத்திருப்பதும், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்பதும், இடமாற்றத்துக்கு 30 நாள் அறிவிப்பு வேண்டும் என்பதும் உங்கள் கோப்புகளில் இருப்பவைதான். நடந்துசெல்வோருக்கும் நடைபாதையில் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எங்கே எவ்வளவு அகலம் விட வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தால் அதற்குள் கடை விரிக்கப் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். நாளைக்கு இங்கே இருப்போமா என்று தெரியாதவரால் பண்டலாகச் சரக்கெடுக்க முடியாது, எந்த விநியோகஸ்தரும் அவருக்குக் கடன் தர மாட்டார்.

கியூஆர் அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே வியாபாரிகள் பழகிவிட்டார்கள். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பதைப் பலரும் உங்களுக்கு எழுதியிருப்பார்கள். நானும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்.

பருவமழை தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் செய்து முடிக்க இயலாது என்பதை அறிவேன். பாரிமுனை, தியாகராய நகர், புரசைவாக்கம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஓர் இடத்தில் இரவுச் சரக்கறையை மட்டும் இந்தத் தீபாவளிக்கு முன் சோதனையாகத் திறந்து பாருங்கள். எத்தனை மூட்டைகள் வருகின்றன, எவ்வளவு வாடகை வசூலாகிறது, எந்த வகைச் சரக்கு அதிகம் என்பதை ஒரு பேரேட்டில் எழுதிவைத்தால், கூட்டுக் கொள்முதலுக்கு எந்தப் பொருள்களைத் தேர்வு செய்யலாம் என்பது பொங்கலுக்குள் தெரிந்துவிடும். அந்தப் பேரேட்டை எப்படிப் பிரித்து எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரியை நான் தயாரித்து வைத்திருக்கிறேன். குழு கேட்டால் நேரில் கொண்டுவந்து கொடுக்கவும், கணக்கெழுதும் ஆள் கிடைக்கும்வரை மாலை நேரங்களில் வந்து உட்காரவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாரிமுனையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒருவர்